மலை தெரியும் அறை

விலைப்பட்டியலில் மூன்று விலை.
தோட்டம் தெரியும் அறை, கடல் தெரியும் அறை,
எல்லாவற்றிலும் கூடியது
மலை தெரியும் அறை. அது ஏழாம் இலக்கம்.

நிலாவெளியில் ஏது மலை என்று கேட்பீர்கள்.
கரைக்கு எதிரே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில்
கடலுக்குள் இடுப்பளவில் நிற்கிற பாறைகளை
நாங்கள் புறாமலை என்போம்.
வருகிறவர்கள் தீவு என்பார்கள்.
முதலாளி இரண்டையும் கேட்டுவிட்டு
விலை கூடிய சொல்லை எடுத்துக்கொண்டார்.
திருகோணமலை பஸ்ஸின் நெற்றியிலேயே மலை இருக்கிறது,
என் அறையில் இருந்தால் என்ன, என்பார்.

சித்திரை கழிய வரத் தொடங்குவார்கள்.
ஆவணி முடியும்வரை இந்தத் தெருவுக்கு ஐந்து பாஷை.
நிஸ்தார் போட்டில் ஏற்றும்போது
அவரவர் பாஷையில் எண்ணுவான்,
திரும்பி ஏற்றும்போது தமிழில்.
ஆள் குறைந்தால் தமிழில்தான் பயம் வருமாம்.
பாரை மீன் நேரே ஹோட்டல் குசினிக்குப் போகும்.
எங்கள் சட்டிக்குச் சூடை கிடைத்தால்
அது நல்ல நாள்.

என் வேலை விரிப்புகள்.
ஒரு நாளைக்கு இருபத்திரண்டு.
கச்சான் அடித்தால் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள்
அரைவாசி காய்ந்துவிடும்.
மணல், யாரோ தேய்த்த வெயில் எண்ணெய்,
சிலவேளை கண் மை.
தேன்நிலவுக்கு வந்தவளின் தலையணை உறை
மூன்று நாளும் கறுத்துக் கிடந்தது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
நாலாம் நாள் கொடியடிக்கு வந்து
ஈர விரிப்பின் மறுநுனியைப் பிடித்தாள்.
எதிரெதிராக நின்று முறுக்கினோம்.
அவள் பக்கம் கொஞ்சம் கூடவே முறுகியது.

ஒருமுறை ஏழாம் அறைக்காரர் முறைப்பாடு சொன்னார்:
மலைக்குக் காசு கட்டினேன்,
காலை முழுக்கத் துணிதான் தெரிகிறது.
மனேஜர் டிலான் வந்தான்.
பவளராணி அக்கா, கொடியைப் பின்னால் மாற்றுங்கள்.
பின்னால் காற்றில்லை, ஜெனரேட்டர் இருக்கிறது.
புகை மணக்கிற விரிப்பில் படுத்து
மலை பார்ப்பாராமா, கேட்டுச் சொல், என்றேன்.
போனவன் வரவில்லை.
கொடி அங்கேயே இருந்தது.

ஐப்பசி. வாடை திரும்பிவிட்டது.
போட்டுகளைத் தென்னையடிக்கு இழுத்தாயிற்று.
டிலான் குருநாகலுக்குப் போய்விட்டான்.
எனக்கு அரைச் சம்பளம், பதினான்கு திறப்புகள்;
பூஞ்சணம் பிடிக்காமல் ஜன்னல்களைத் திறந்து மூடவேண்டும்.
நீச்சல் குளத்தில் தவளைகள்.
சீசனில் பெயர் வாங்கிய நாய்கள்
அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல்
வரவேற்பு மேசைக்குக் கீழே படுத்திருக்கின்றன.

நேற்று ஏழாம் அறையில்
செருப்பைக் கழற்றினேன். காலையும் கழுவினேன்.
பதினொரு வருடம் விரித்த கட்டில்,
ஒருநாளும் தலை வைத்ததில்லை.
விரிப்பில்லாத மெத்தை முதுகில் குத்தியது.
கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தினால்
அங்கே, ஜன்னலுக்குள், மலை.
அதன் கழுத்தை நேராக அறுத்துக்கொண்டு
என் கொடி.
கொடியில் ஒரு காகம், மலையை விடப் பெரிது.

அப்போதுதான் யோசித்தேன்.
இத்தனை பேர் இங்கே கண் விழித்து
எதைப் பார்த்திருப்பார்கள்?
வெள்ளை ஊதி, வெள்ளை அடங்கி,
இரண்டு விரிப்புகளுக்கு நடுவே ஒரு முழங்கை,
கிளிப்பைக் கடித்துக்கொண்டிருக்கிற ஒரு வாய்.
ஒருவர்தான் முறைப்பாடு சொன்னார்.
மற்றவர்கள் சொல்லவில்லை.

மழை இரைந்தது.
துணி, என்று எழும்பி ஓடினேன்.
வெறுங்கொடி. காகமும் போயிருந்தது.
நனைந்தபடி திரும்பிப் பார்த்தால்
ஏழாம் அறையின் கதவு திறந்து கிடக்கிறது,
உள்ளே மெத்தையில்
யாரோ படுத்தெழும்பிய பள்ளம்.